டயருக்கு அடியில் ஒரு படிப்பு

"வா... வா... வா... ஆங், ஏறிட்ச்சு! அப்டியே வுடு!"

சௌக்கத் அலி கை காட்டினார். கண்டெய்னர் லாரியின் முன் டயர் பலகையின் மேல் ஏறியது. ஏறியதும் நின்றது.

"பீம்ராவ், ஏன் நிறுத்திட்ட?"

டிரைவர் பீம்ராவ் தலையை வெளியே நீட்டினார். "முன்னாடி வண்டி நின்னுட்ச்சு பாய். நான் இன்னா, அவன் மேலயா ஏத்த முடியும்?"

சாலையோரம் நின்ற உமைமா டயருக்கு அருகே ஓடி வந்தாள். டயருக்கு அடியில் இருந்தது அவளுடைய நான்கு வருடப் படிப்பு. தண்ணீர் லாரிக்கு முன்னால் குடங்களோடு சண்டை போடும் எர்ணாவூர்ப் பெண்களைக் கதவு அளவுப் பலகையில் செதுக்கியிருந்தாள். அதில் மை உருட்டி, தாள் விரித்து, கம்பளி போர்த்தி, மேலே ஒரு பிளைவுட்டையும் வைத்திருந்தாள். ஓவியக் கல்லூரியின் அச்சு இயந்திரம் போன வாரம் படுத்துவிட்டது. மாலைக்குள் தேர்வாளர்கள் முன் படம் தொங்கியாக வேண்டும். தொங்காவிட்டால் தேர்ச்சி இல்லை. அறந்தாங்கியில் அவளுடைய அத்தா ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார்.

இயந்திரத்துக்குப் பதில் லாரியை ஏற்றி அழுத்தலாம் என்பது பெரியத்தா சௌக்கத் அலியின் யோசனை. துறைமுகத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். "தொண்டியார்பேட்டையில என் வூட்ல இருந்து படிக்கட்டும், பட்டத்தோட அனுப்புறேன்" என்று சொந்தக்காரர்கள் முன்னால் தம்பிக்கு வாக்குக் கொடுத்தவர். வாக்கை மீறும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

"பெரியத்தா, மை காஞ்சா தாள் பலகையோட ஒட்டிக்கும். கிழிச்சுத்தான் எடுக்கணும்."

"ஒட்டாது. நான் இருக்கேன்ல?"

கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் முன் லாரிக்கு நடந்தார். டிரைவர் இருக்கை காலி. பக்கத்தில் கிளீனர் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கினான்.

"தம்பி, வண்டியை ரெண்டடி முன்னால எடுக்கச் சொல்லு."

"டிரைவர் டீ சாப்ட போய்க்கிறாரு" என்றது துண்டு.

அதற்கு முன்னால் என்ன நிற்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. எண்ணூர் சாலையில் லாரி வரிசை நகராமல் நிற்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை. பின்னால் நின்ற லாரியிடம் போனார்.

"கொஞ்சம் ரிவர்ஸ் எடுப்பா. எங்க வண்டி இறங்கணும்."

"பெர்சு, எனக்குப் பின்னாடி கீறவனை மொதல்ல கேளு!"

அவனைக் கேட்டார். அவன் தனக்குப் பின்னால் கையைக் காட்டினான். இப்படியே வரிசை நெடுக நடந்தார். வெறுமனே கேட்பது மரியாதையல்ல என்பதால் ஒவ்வொருவரிடமும் அறந்தாங்கியில் தங்களுக்கு உள்ள பெயர், தம்பி மகளின் திறமை, லாரியை அச்சு இயந்திரமாக்கிய தமது மூளை எல்லாவற்றையும் முழுசாக எடுத்துச் சொன்னார்.

டிரைவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சுருக்கி அடுத்தவனிடம் கத்தினார்கள். "அவுரு தம்பி மக படிப்பு டயருக்கு அடியில மாட்டிகிச்சாம்" என்று கிளம்பிய செய்தி, மேம்பாலத்தை எட்டும்போது, "தம்பி மக டயருக்கு அடியில மாட்டிகிச்சாம்" என்று ஆகியிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அதன் பின்னாலேயே சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள்.

"அடிபட்ட பொண்ணு எங்கம்மா?"

"நான்தான் சார்" என்றாள் உமைமா.

"நீ நின்னுகினு கீறியே?"

"ஆமா சார். அடியில இருக்கிறது என் படம்."

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கறுப்பாக ஏதோ கசிந்திருந்தது. அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதபோது சொல்லும் வாக்கியத்தைச் சொன்னார்.

"விசாரணை முடியிற வரைக்கும் வண்டியை எவனும் எடுக்கக் கூடாது!"

பீம்ராவ் தலையில் கை வைத்தார். "சார், எடுக்கணும்னுதான் காலைலேர்ந்து அல்லாரும் கெஞ்சிகினு கீறோம்!"

"எவ்ளோ நேரமா?"

"மை காயிற அளவுக்கு சார்" என்றாள் உமைமா. அவள் குரல் உடைந்தது.

வியர்வையோடும் நிமிர்ந்த முதுகோடும் சௌக்கத் அலி திரும்பி வந்தார். "சார், எங்க குடும்பத்துப் பொண்ணை ரோட்ல நிறுத்தி விசாரிக்காதீங்க. கேக்கிறதை என்னைக் கேளுங்க."

"சரி, கேக்கிறேன். நடுரோட்டுல பலகையைப் போட்டு லாரியை ஏத்துன்னு எவன் சார் ஐடியா குடுத்தது?"

"நான்தான்" என்றார் அவர், விருது வாங்குபவரைப் போல. "இந்த ஏரியாவுல வேற எவனுக்கும் தோணாது."

சப்-இன்ஸ்பெக்டர் அவரையும் டயரையும் உமைமாவின் கண்களையும் மாறிமாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"தொலையட்டும். முன்னாடி வண்டியை நகத்துங்கய்யா, பொண்ணு பாவம்."

ஓடிப் போன கான்ஸ்டபிள் அதைவிட வேகமாகத் திரும்பினார். "சார், அந்த வண்டிக்கு முன்னாடி ரோடே காலி! இவன்தான் மொத்த ஜாமும்!"

கிளீனரைத் துண்டோடு இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஏன்டா, ரோடு காலியா கீது, வண்டியை நடுவுல போட்டுத் தூங்குறியா?"

கிளீனர் கண்ணைக் கசக்கினான். "எப்டி சார் எடுக்கிறது? எங்க டயருக்கு அடியிலயும் ஒரு காலேஜ் பையன் பலகை கீது. நல்லா பதியட்டும், எடுக்காதேன்னுட்டு அவனும் டிரைவரோட டீ சாப்ட போய்க்கிறான். நேத்து டோல்கேட் டீக்கடையில யாரோ ஒரு பெரியவரு, கடைக்கே கேக்கிற மாதிரி இந்த ஐடியாவைச் சொல்லிகினு இருந்தாராம்!"