ரிசர்வ் வங்கிக்குப் புத்தி சொல்பவர்

தெருவுக்கு ஒருவராவது தேறும் ஓர் இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். இவருக்குப் பொருளாதாரத்தில் பட்டம் கிடையாது, பதவி கிடையாது, இவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதும் கிடையாது. ஆனாலும் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தால் ‘போன தடவையே செய்திருக்க வேண்டியது’ என்பார், குறைக்காவிட்டால் ‘பயந்துவிட்டார்கள்’ என்பார், கூட்டிவிட்டாலோ ஒன்றும் பேசாமல் கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டுவார். பட்ஜெட் அன்று இவருக்குச் சாப்பாடு இறங்காது. நாட்டின் நிதிப் பற்றாக்குறை இவருடைய சொந்தத் துக்கம்.

இவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் இவருக்குச் சவரம் செய்துவிடுகிறவன் நான்தான்.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், வீட்டு முன்னறையையே ஆபீஸாக்கி வருமான வரிக் கணக்குப் பார்க்கிற உமாசங்கர் என்கிற அடியேன், மாலையானால் சாலைக் கடைத்தெருவில் குற்றாலலிங்கத்தின் அரிசி மண்டிக்குப் போய்விடுவேன். அவர் திருநெல்வேலிக்காரர். அரசாங்கம் கடன் வாங்குவது பாவம் என்பது அவர் கட்சி. நல்ல காரியத்துக்கென்றால் பற்றாக்குறை வரட்டுமே என்பது என் கட்சி. அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ரூபாயைத் தூக்கி நிறுத்தி, விலைவாசியை அடக்கி, மத்திய வங்கியின் சுதந்திரத்தையும் காப்பாற்றிவிட்டுத்தான் எழுந்திருப்போம். நாடு எங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

இந்த வருஷம் எனக்குப் புது விஷயம் ஒன்று அகப்பட்டது. சம்பளமில்லா உழைப்பு. பெண்கள் வீட்டில் சமைப்பதும் துவைப்பதும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் தேசிய வருமானத்தில் சேருவதே இல்லையாம். பேட்டை வாசகசாலையில் ஒரு மணி நேரம் பேசினேன். “நோயாளியைக் கவனிக்கும் பெண்கள் ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நம் பொருளாதாரம் என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, சபையைப் பார்த்தேன். பலத்த கைதட்டல். என் மனைவி ஷைலஜா வரவில்லை. எப்படி வருவாள்? பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன என் அப்பாவுக்கு அந்த நேரத்தில்தான் கஞ்சி கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும்.

ஷைலஜா எம்.காம். ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா படுக்கையில் விழுந்தபோது விட்டுவிட்டாள். கூட்டம் முடிந்த மறு வாரம், விழிஞ்ஞம் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றாள். அப்பாவுக்கு மருந்து வாங்கப் போன நேரத்தில் நேர்முகத் தேர்வுக்கும் போய்விட்டு வந்திருக்கிறாள். மருந்தும் வாங்கி வந்திருக்கிறாள்.

நான் முதலில் தேசத்துக்காக மகிழ்ந்தேன். பெண்கள் வேலைக்குப் போனால் வளர்ச்சி எத்தனை புள்ளி ஏறும் என்று அவளுக்கு விளக்கினேன். பிறகுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொள்கை அளவில் எனக்குச் சம்மதம்தான், ஆனால் எதையும் படிப்படியாகச் செய்வது நல்லது, அடுத்த நிதியாண்டிலிருந்து வைத்துக்கொள்ளலாமே, அதற்குள் பெங்களூரில் இருக்கும் தங்கையையும் கலந்துகொண்டு ஓர் ஏற்பாடு பண்ணலாம் என்றேன். துவைத்த படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே அவள் முழுவதையும் கேட்டாள்.

“நான் கேக்கலை, கேட்டேளா? சொல்றேனாக்கும். திங்கக்கிழமை ஜாயின் பண்றேன்.”

“அப்பாவை யாரு பாத்துக்கறது?”

“வாசகசாலைலே பேசினதை அன்னிக்கு அப்பாகிட்ட சொல்லிண்டிருந்தேளே, உள்ளேர்ந்து நானும் கேட்டேன். நன்னா இருந்தது.”

விரிப்பை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறினாள். நான் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் போனேன். தினமும் கண்ணெதிரே நடந்த காரியம்தான், ஆனால் ஒரு நாளாவது பார்த்திருந்தால்தானே? அவர் சரிந்தார், பிடிக்கப் போன நானும் சரிந்தேன், இருவரும் தரையில் கிடந்தோம். அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, எலும்பு கிலும்பு முறிந்திருக்குமோ என்று நடுங்கியபோது, உலகத்தில் ஒரு வட்டி விகிதமும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்பாவுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

“நாற்காலியை வலது பக்கம் போடு. ஷைலு அப்படியாக்கும் பண்ணுவா.”

அவருடைய நல்ல கை அந்தப் பக்கம். நாற்காலியை அவரே பிடித்துக்கொண்டார், எப்படியோ ஏற்றி உட்கார வைத்தேன். பயம் தெளிந்ததும் எனக்குப் பேச்சு திரும்பிவிட்டது. இட்லி ஊட்டும்போது, வீட்டுப் பராமரிப்புக்கு அரசாங்கமே பணம் கொடுத்தால் பற்றாக்குறை எவ்வளவு கூடும் என்று எடுத்துச் சொன்னேன். வாயைத் திறந்தபடி அப்பா காத்திருந்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது.

“உமா, வாய் வலிக்கறது. ஒண்ணு பேசு, இல்லேன்னா ஊட்டு.”

ஊட்டினேன்.

ஷைலஜா திரும்பியதும் சொல்வதற்கு ஒரு பெரிய குறைப் பட்டியல் வைத்திருந்தேன். அவளோ செருப்பைக்கூடக் கழற்றாமல், மலை மாதிரி நின்ற கப்பலையும், பெரிய பெரிய கண்டெய்னர்களைக் கிரேன் தீப்பெட்டி போல் தூக்கி வைத்ததையும் அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் அவ்வளவு நேரம் விடாமல் பேசி நான் கேட்டதில்லை. எங்கே கேட்பது, எங்கள் வீட்டில் பேசுகிற இலாகா என்னுடையதாயிற்றே! விழுந்த விஷயத்தை அப்பா காட்டிக்கொடுக்கவில்லை. நானேதான் சொன்னேன். அவள் அப்பாவின் இடுப்பையும் முழங்கையையும் அமுக்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு எங்கேயாவது பட்டுதா?”

இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் ஒரு நாளும் கேட்காத கேள்வி. 

இப்போது சில மாதங்கள் ஆகிவிட்டன. அவள் வேலைக்குப் போகிறாள். நான் அப்பாவை விழாமல் தூக்குகிறேன். மண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போக முடிகிறது. போன வாரம் அங்கே, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று அனுபவத்தோடு ஆரம்பித்தேன். குற்றாலலிங்கம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சாமி, அது வீட்டு விஷயம்லா. பொருளாதாரத்துக்கு வாங்க.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தேன். பற்றாக்குறையை அன்று பாதியாகக் குறைத்துவிட்டுத்தான் எழுந்தோம்.

சிரிக்கிறீர்கள். இந்த ஆளைப் போல் இன்னொருவரை உங்களுக்குத் தெரியும், அவருக்கு இதை அனுப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளே குக்கர் சத்தம் போட்டதே, அது எத்தனையாவது விசில்?