இன்வெர்ட்டர் வயருக்கு எந்தக் கிரிம்பிங் டூல்?

சிவமயம்
சேரன்மகாதேவி,
3-8-1997, ஆடி அமாவாசை

அன்புள்ள மாப்பிள்ளை சங்கர் அவர்களுக்கு, மாமனார் பூதலிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம், என் கட்டைவிரல் தவிர. அங்கு நீங்களும் சம்பந்தி அம்மாளும் வாயும் வயிறுமான வேணியும் நலமாயிருக்க நெல்லையப்பர் காப்பாற்றட்டும். போன் போட்டால் சம்பந்தி அம்மாள் எடுத்துவிடுவார்களே என்ற பயத்தில் கடிதம் எழுதுகிறேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். "கரண்டு நிக்காத வீட்டுக்கு எம்மருமகள அனுப்ப மாட்டேன்" என்று வளைகாப்பில் நாலு பேர் முன்னால் சம்பந்தி அம்மாள் சொன்னது முதல் எனக்குத் தூக்கமில்லை. ஆவணி பிறந்ததும் வேணி இங்கு வந்தாக வேண்டுமே என்று இன்வெர்ட்டர் வாங்கிவிட்டேன். அதை மாட்டித்தர வேண்டிய எலக்ட்ரீஷியன் பெருமாள்ராஜ், அமாவாசைக்குக் காரையாறு கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விட்டான். பேட்டரிக்கு ஒரு வயர்தானே, நாமே மாட்டுவோம் என்று உட்கார்ந்தேன். வயர் நுனியில் லக் என்கிற செம்புக் குழாயை மாட்டி இறுக்கி நெரிக்க வேண்டுமாம். பாக்குவெட்டியால் நெரித்தேன், லக் ரெண்டாப் போச்சு, பாக்குவெட்டி வாயும் மழுங்கிப் போச்சு. "எங்கம்மா சீரா தந்ததுலா! மொண்ணையாப் போச்சே!" என்று உங்கள் அத்தை போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

நேற்று திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஓடினேன். கடைக்காரர் முகம்மது சுல்தான் லக்கை நெரிக்கிற கிரிம்பிங் டூல் ரெண்டை எடுத்து வைத்தார். ஒன்று முழ நீளம், முழுக்க இரும்பு. மற்றது சின்னது, பிடியில் சிவப்பு ரப்பர். "அண்ணாச்சி, பேட்டரி வயரு தடிமன். அதுக்குப் பெருசுதான் சரி. இது சின்ன வயருக்குலா" என்று படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் நேற்று சனிக்கிழமை மாப்பிள்ளை! சனிக்கிழமை இரும்பு வாங்கிட்டு வந்தா உங்க அத்தை என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா? பிள்ளை பொறக்கப்போற வீடு வேற. ரப்பர் போட்டிருக்கே, இரும்புல சேராதுன்னு சின்னதையே வாங்கிட்டு வந்தேன். அதோட வாய்க்குள்ள புது லக்கு முழுசா நுழையவே இல்ல. ஓரத்தை மட்டும் கடிச்சு, என் கட்டைவிரலையும் சேத்துக் கடிச்சிட்டு. சுவிட்சைப் போட்டா, சத்தியமாச் சொல்லுதேன், ஃபேன் சுத்திச்சு. பைய ஒரு வாடை வந்துச்சு. வயரு லூசாக் கிடந்து சூடேறி, பொறி பறந்து, குப்புன்னு புகை. "அய்யோ, எம்பிள்ள இங்கன எப்படி வந்து இருப்பா"ன்னு உங்க அத்தை அழுதா. எனக்கும் அழுகை வந்துட்டு.

ஆகையால், மின்சார இன்ஜினியரான நீங்கள், எந்த வயருக்கு எந்த டூல் என்று விவரமாக எழுதவும். சம்பந்தி அம்மாளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். வேணியை எப்படியாவது அனுப்பி வையுங்கள். மற்றபடி வீடு பத்திரமாகத்தான் இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் எங்கள் ஆசீர்வாதம், சம்பந்தி அம்மாளுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
பூதலிங்கம்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். சற்று முன்பு மறுபடி சுவிட்சைப் போட்டதில் வீட்டு வயரிங்கே போய்விட்டது. வேணி அங்கேயே இருக்கட்டும். தாய் எங்கே இருக்கிறாளோ அதுதான் தாய்வீடு என்று உங்கள் அத்தை மூட்டை கட்டிவிட்டாள். இரண்டு பேரும் இன்றைய ரயிலிலேயே வருகிறோம், பிள்ளைக்குப் பேர் வைக்கிற வரை இருப்போம். தபாலில் போட்டால் எங்களுக்குப் பிறகுதான் வரும் என்பதால் இதை நானே கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். சம்பந்தி அம்மாளிடம் நீங்களே பையச் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். அதுவரை நாங்கள் வாசலிலேயே நிற்கிறோம்.