பதினாலு பேரும் ஒரு வேனும்

எங்கள் வீட்டில் யாராவது கம்ப்யூட்டர் என்று சொன்னால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் முழுத் தகுதி உடையவள்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். அக்காவுக்குச் சங்கராபுரத்தில் கல்யாணம். கல்வராயன் மலையிலிருந்து தாய்மாமன் வீட்டார் இறங்கி வர வேன் சொல்ல வேண்டும். டிரைவருக்கு ஒரு போன் போட்டால் முடிகிற வேலை. நான் விடுவேனா? புரோகிராம் எழுதினேன். மலையிலிருந்து எத்தனை பேர் என்று புரோகிராமின் ஒரு துண்டு, ஃபங்ஷன் என்பார்கள், அது எண்ணும். அந்த எண்ணை வாங்கி, ஆள் இருந்தால் டிரைவருக்கு இன்னொரு ஃபங்ஷன் செய்தி அனுப்பும். (இதற்கு மூன்று நாள். சிரிக்காதீர்கள்.)

ஓட்டியதும் திரையில் பளிச்சென்று 14 வந்தது. வேன் சொல்லியாச்சு என்று அப்பாவிடம் பெருமையாக அறிவித்தேன்.

கல்யாணத்தன்று காலை, மாமாவைக் காணோம். மலையில் போன் எடுக்கவில்லை. தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் அக்கா மணையில் உட்கார முடியாது. டிரைவரைக் கூப்பிட்டால், மனிதர் வீட்டில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். தனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை என்றார். இனி வேன் மலையேறி இறங்குவதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மணப்பெண் அறையில் லேப்டாப்பைத் திறந்தேன். சனியன், அப்போதும் 14 என்றே காட்டியது. பிறகுதான் கண்ணில் பட்டது. எண்ணுகிற ஃபங்ஷனில், திரையில் காட்டுகிற பிரிண்ட் மட்டும் போட்டிருந்தேன், விடையை அடுத்ததிடம் கொடுக்கிற ரிட்டர்ன் போடவில்லை. அது எண்ணைத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு வெறுங்கையோடு போய்விட்டது. கையில் எதுவும் கிடைக்காத அடுத்த ஃபங்ஷன், ஆளே இல்லை என்று சும்மா இருந்துவிட்டது. இதை அழுதுகொண்டே அக்காவிடம் விளக்கினேன்.

நெற்றிச்சுட்டியைச் சரிசெய்தபடி அக்கா கேட்டாள்: "மூணு நாளா இத கட்டிக்கினு கெடந்தியே. உன்கிட்ட காட்டத் தெரிஞ்சுது, பக்கத்துல இருக்கறதுகிட்ட குடுக்கத் தெரியலயா?"

நான்கு வருடப் படிப்பில் எந்தப் பேராசிரியரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று மண்டபத்து வாசலில் வந்து நின்றது. மூட்டைகளின் மேலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். பட்டுச் சட்டையெல்லாம் செம்மண்ணோடு மாமா நேராக வந்து பட்டம் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, பதினாலு பேரும் வந்துட்டோம். எண்ணிக்கோ."

இப்போது புரோகிராம் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். என்ன பிரயோஜனம்? போன மாதம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். காபி ரெடி என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தேன். கூடத்திலிருந்து பதில் வந்தது.

"காட்டனது போதும். கொண்டாந்து கையில குடு."