லாராவின் கார்பன் சைக்கிளும் பிறேமாவின் றெயின் பயணமும்

கொலோன்,
யூன் 2007

அன்பும் மரியாதையும் உள்ள பீலிக்ஸ் மச்சானுக்கு,

உங்கள் தங்கை பிறேமாவின் கணவன் யோசப் எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். லண்டனில் உங்கள் கோபத்தைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

நான் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பிறேமாவை றெயினில் அனுப்பிவிட்டேன் என்று யாரோ உங்களிடம் கோள் மூட்டியிருக்கிறார்கள். சொன்னது உண்மைதான், ஆனால் நடந்தது வேறு. பொறுமையாக வாசியுங்கோ.

எங்கள் லாரா வேலை கிடைத்து எர்லாங்கனுக்குப் போய்விட்டாள். "தூரம் அப்பா, சும்மா சும்மா வந்து கஷ்டப்படாதேங்கோ" என்றும் சொல்லிவிட்டாள். அவளுடைய பொருளென்று எங்கள் வீட்டில் மிஞ்சியது அந்த றேஸ் சைக்கிள் ஒன்றுதான். அடுத்த கிழமை சைக்கிள் ஓட்டப்போட்டி இருக்கிறது, கொண்டுவாங்கோ என்று கேட்டாள். அது இரும்பு இல்லை மச்சான், கார்பன். ஒரு கையால் தூக்கலாம், ஆனால் கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி எங்கே தொட்டால் கோபம் வரும் என்று தெரியாது. இறுக்கிப் பூட்டினால் உள்ளே வெடிக்கும், வெளியே தெரியாது, வேகமாக ஓடும்போது முறியும் என்று கடைக்காரர் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரையில்லை, அதில் ஏறி ஓடப்போவது என் பிள்ளையல்லவா. காரின் பின்னால் பூட்டும் தாங்கி சைக்கிளின் குழாயை நெரிக்கும். கூரையில் கட்டலாமென்றால், கட்டியதை மறந்து பார்க்கிங் கட்டிடத்துக்குள் நுழைந்து சைக்கிளை முறித்த இராசலிங்கம் அண்ணை நினைவுக்கு வந்தார். ஆகவே காருக்குள்ளேதான் என்று முடிவெடுத்தேன்.

நான் சில்லுகளைக் கழற்றக் கழற்ற பிறேமா துவாயில் சுற்றினாள். சங்கிலிப் பக்கம் மேலே இருக்கவேண்டும், மேலே ஒன்றும் வைக்கக்கூடாது என்பது லாராவின் கட்டளை. பின் சீற்றை மடித்துச் சைக்கிளைப் படுக்கவைத்தால் அதன் கைபிடி முன் சீற்றுக்கே வந்துவிட்டது. அந்த நேரம் பிறேமா அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், ஒரு சட்டி நிறையக் கட்லட்டோடு வந்து நின்றாள். பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போகிற பழக்கம் உங்கள் பரம்பரையிலேயே இல்லை. அரிசியைச் சைக்கிளுக்கு மேலே வைக்கப்போனாள். நான் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர்கள் யன்னலைத் திறந்தார்கள்.

"அப்ப நானும் சாப்பாடும் றெயினிலை வாறம். நீங்கள் சைக்கிளோடை வாங்கோ" என்றாள். நான் அனுப்பவில்லை மச்சான், அவளாகப் போனாள். துவாய் போதாதபோது தன் கலியாணக் கூறைச்சேலையை எடுத்துவந்து, "பட்டு கீறாது, இதைச் சுத்துங்கோ" என்று தந்ததும் அவள்தான்.

நெடுஞ்சாலையில் லொறிகளெல்லாம் என்னை முந்திப் போயின. முந்தி கேவலார் மாதா திருவிழாவால் திரும்பும்போது சின்ன லாரா பின்னால் நித்திரையாகக் கிடப்பாள். அன்றும் பிரேக்கை இப்படித்தான் மெல்ல மெல்ல மிதிப்பேன். கண்ணாடியில் கூறைச்சேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பிள்ளை இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பிறேமா எனக்கு முன்னமே வந்து கட்லட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். லாரா சேலையை அவிழ்த்து, குழாய்களைத் தட்டித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை.

"கடைக்காரரும் இப்பிடிச் சுத்தமாட்டினம் அப்பா" என்று கட்டிப்பிடித்தவள், பிறகு மெதுவாகக் கேட்டாள்: "முன்சில்லு எங்கை?"

பின்சில்லு மட்டும்தான் இருந்தது. காரைத் தலைகீழாகப் புரட்டித் தேடினேன். லாரா நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். "போட்டிக்கு முதல் கொண்டுவந்தால் போதும் அப்பா" என்றாள். மறந்த குற்றம் முழுவதும் என்னுடையது. கோபிப்பதென்றால் அதற்குக் கோபியுங்கோ, றெயினுக்கு வேண்டாம்.

உங்களையும் டொறத்தி அக்காவையும் மாதா தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்
யோசப்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது முன்சில்லு அகப்பட்டது. அலுமாரியில், கூறைச்சேலை இருந்த இடத்தில், துவாய் சுற்றியபடியே இருந்தது. பிறேமாவைக் கேட்டேன். "எல்லாத்தையும் ஒரே தரத்திலை குடுத்திட்டால், பிறகு என்னத்தைச் சாட்டிப் பிள்ளையைப் பாக்கப் போறது?" என்றாள். ஆகவே மேலே நான் ஏற்றுக்கொண்ட குற்றத்தை உங்கள் தங்கையின் பெயருக்கு மாற்றிவிடுங்கோ. சனிக்கிழமை போகிறோம். முன் சீற்றில் அவள், அவள் மடியில் சில்லு. வரும்போது என் வாசிக்கிற மூக்குக்கண்ணாடியை லாரா வீட்டில் மறந்துவிட்டு வருவதாக இருக்கிறேன். பிறேமாவுக்குச் சொல்லாதேங்கோ.