பொருள்: சாதுல்லா பாய் வீட்டுக் கிணறு

நாட்டில் எத்தனையோ ஆய்வுக் குழுக்கள் கூடியிருக்கின்றன, டீ குடித்திருக்கின்றன, கலைந்திருக்கின்றன. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுக் கலைந்த குழு எங்களுடையது ஒன்றுதான். 'நிலத்தடித் தூய்மை ஆய்வுக் குழு' என்ற அந்த மகத்தான அமைப்பில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன்.

சென்னீர்குப்பத்தில் சோபா தைத்துப் பிழைக்கும் சாதுல்லா பாய் ஒரு மனு கொடுத்திருந்தார். அவர் வீட்டுக் கிணற்றுக்கும் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குக்கும் நடுவில் ஒரு மதில்சுவர்தான். பங்க்கின் தொட்டி பூமிக்கடியில் ஒழுகுகிறது, கிணற்றில் பெட்ரோல் மிதக்கிறது, அதில் குளித்த பேத்தி அலீனாவுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போயிற்று என்று எழுதியிருந்தார். விசாரணை முடியும்வரை அந்தத் தெருவுக்குத் தினம் ஒரு தண்ணீர் லாரி அனுப்பும்படி மேலிடம் உத்தரவு போட்டது. லாரியை நிறுத்த வேண்டுமென்றால் விசாரணை முடிந்தாக வேண்டும். எங்களுக்குக் கடமையுணர்வு பொங்கியது.

ஆறு கூட்டங்கள் நடத்தினோம். அதில் நான்கு கூட்டங்கள், 'நாற்றம்' என்ற கொச்சையான சொல்லைக் கோப்பில் அனுமதிக்கலாமா என்பது பற்றி. கடைசியில் 'மூக்கு சார்ந்த கருத்து' என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டுக் களத்தில் இறங்கினோம்.

களம் என்றால் வாசல்வரைதான். குழுத்தலைவர் உதயகுமார் கிணற்றுக்குப் பதினைந்து அடி தூரத்திலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கரன்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. வாளி போட்டு இறைக்கவோ எங்கள் பணிவிதிகளில் இடமில்லை. தலைவர் பாயின் மனைவி அஷ்ரஃபுன்னிசாவிடம் காலிப் பாட்டிலை நீட்டினார்.

"இதுல கொஞ்சம் தண்ணி புடிச்சுக் குடுங்கம்மா, போதும்."

வீடு தேடி வந்த அதிகாரிகளுக்குப் பெட்ரோல் தண்ணீரைக் கொடுக்க அந்த அம்மாளுக்கு மனசு வருமா? குடிப்பதற்காக விலைக்கு வாங்கி வைத்திருந்த கேனைச் சாய்த்து, பாட்டிலை வழிய வழிய நிரப்பிக் கொடுத்தார். தலைவர் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்.

"ஐய, இன்னா சார், குடிக்காம மூடிட்டீங்க? அது கேன் தண்ணியாச்சே!"

"சீல் வெச்சாச்சும்மா. சீல் வெச்சப்புறம் அது கெணத்துத் தண்ணிதான்."

ஆய்வகமும் அதை முழு மனதோடு ஆமோதித்தது. கிணற்று நீரில் பெட்ரோல் துளியும் இல்லை, குடிக்க மிகவும் உகந்தது. லாரியை நிறுத்தும் ஆணையை நான்தான் தட்டச்சு செய்தேன். பிழை ஒன்றுகூட இல்லை.

அந்த ஆணையைக் கையில் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனோம். சாதுல்லா பாய் படித்துப் பார்த்தார். வாளியைக் கிணற்றில் விட்டு, மேலாக மொண்டு, முற்றத்து மண்ணில் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். இடுப்பு உயரத்துக்குக் குப்பென்று எரிந்தது. வாசற்படியில் கையைச் சொறிந்துகொண்டிருந்த குழந்தை அலறிக்கொண்டு உள்ளே ஓடியது.

"இப்போ சொல்லு சார். இதயா குடிக்கச் சொல்ற?"

எங்கள் அறிக்கையே இரண்டாகப் பிளந்துபோகும் நிலைமை. ஆனால் எங்கள் தலைவர் சாமானியரா?

"பாய், கெணத்துத் தண்ணியில பெட்ரோல் இல்லன்னு ரிப்போர்ட் இருக்கு. அப்ப இவ்ளோ பெட்ரோல் உங்க ஊட்டுக்கு எப்படி வந்துச்சு? லைசன்ஸ் இருக்கா?"

"இன்னா சார் நீ! சொவத்துக்கு அந்தாண்ட எம்மாம் பெரிய பங்க் கீது, கண்ணு தெரியல?"

"அது ஆய்வு எல்லைக்கு வெளியில இருக்கு."

உரிமம் இல்லாமல் வீட்டில் எரிபொருள் இருப்பு வைத்ததாக அங்கேயே வழக்கு எழுதினோம். கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டவும் ஏற்பாடு செய்தோம்.

அஷ்ரஃபுன்னிசா என் முன்னால் வந்து நின்றார். "கெணறு சுத்தம்னா ஏன் சார் பூட்றீங்க? சுத்தம் இல்லேன்னா லாரிய ஏன் நிறுத்துனீங்க? கொயந்தைய நான் எதுல குளிப்பாட்டுவேன்?"

"அது வேற ஃபைலும்மா. இது வேற ஃபைலு," என்றேன். சொல்லும்போது எனக்கே என் முகத்தில் துப்பத் தோன்றியது. எச்சிலை விழுங்கிக்கொண்டேன், பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது.

'குற்றவாளியின் பெயர், முகவரி' என்ற கட்டம் மட்டும் பாக்கி. தலையைத் தூக்கினால் மதிலுக்கு மேலே பங்க்கின் பெயர் ஆளுயர எழுத்தில் தெரிந்தது. ஆனால் கோப்பைப் புரட்டினால் அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பெயர், முகவரி, கைபேசி எண், ஆதார் நகல், கையெழுத்து எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தவர் மனுதாரர் ஒருவர்தான். அவரையே எழுதினேன். இந்த விவகாரத்தில் உண்மை பேசிய ஒரே ஆளை எங்கள் குழு தப்பவிடவில்லை.