மார்ச் மாதத்துக் கொலு

ஜப்பானியப் பெண் குழந்தைகள் திருவிழாவை இந்த வருஷம் எங்கள் வீட்டில் கொண்டாடியே தீருவது என்று, பிப்ரவரி பத்தாம் தேதி காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெண் குழந்தை. பெயர் அம்ருதா. வயது இருபத்தைந்து.

சிரிக்க வேண்டாம். நானே சிரித்து ஒரு மாதம் ஆகிறது.

மராத்தி பேசும் தளேகாவில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்ப்பவன் நான். காலை ஏழு மணிக்கு எங்கள் வீடு இருக்கும் நிக்டியில் ஏற்றிக்கொள்ளும் கம்பெனி பஸ், மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் இறக்கிவிடும். இறங்கும் இடத்தில், பாவ் ரொட்டிக்குள் வடை வைத்துக் கொடுக்கும் ஒரு வடாபாவ் வண்டி. அதன் பக்கத்தில், ஆபீஸ் முடிந்து வந்த அம்ருதா நின்றுகொண்டிருப்பாள். ஆளுக்கு ஒரு வடாபாவ். எனக்கு இரண்டாவது வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அவளுக்கு வீட்டுக்குப் போக அவசரம் வந்துவிடும். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகங்களோடு நடப்போம்.

எனக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. அதைவிட அதிகமாக அதைப் பற்றிய கவலை என் மனைவி ரோஹிணிக்கு உண்டு. ஆகவே இந்த வடாபாவ் நான்கு வருஷமாகக் காக்கப்பட்டு வரும் ரகசியம். ஒரு நாளில் நான் சந்தோஷமாக இருக்கும் நேரம் அந்தப் பதினைந்து நிமிஷம்தான்.

ஜனவரியில் ரோஹிணி அம்ருதாவின் ஜாதகத்தை வெளியே எடுத்தாள். பதினைந்து நிமிஷத்துக்கு ஆபத்து வந்தது.

நான் போராடிப் பார்த்தேன். சென்னைப் பையனுக்குக் காது பெரிது என்றேன். கோயமுத்தூர்ப் பையன் போட்டோவில் சிரிக்கவில்லை என்றேன். பெங்களூர்ப் பையன் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று கேட்டேன்.

"உங்களுக்கு எந்தப் பையனைத்தான் பிடிக்கும்?" என்றாள் ரோஹிணி.

"பிடிக்கணும்னு என்ன அவசியம்? அவ இங்கேயே இருக்கட்டுமே."

"எத்தனை நாளைக்கு?"

"இப்பதானே இருபத்தஞ்சு."

"எனக்கு இருபத்திரண்டுல கல்யாணம் ஆச்சு."

"அதனால யாருக்கு என்ன நன்மை" என்று ஆரம்பித்து, இருமலாக மாற்றிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் மோரி சான் வாயைத் திறந்தார். அவர் என் மேலதிகாரி. வருஷத்துக்கு நான்கு வாக்கியம் பேசுவார். அன்று கேன்டீனில் மகளின் போட்டோவைக் காட்டிப் பேசினார். அவர் ஊரில் மார்ச் மூன்றாம் தேதி, வீட்டுப் பெண் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்று ஏழு படி கட்டிப் பொம்மை வைப்பார்கள். உச்சியில் ராஜா, ராணி; அவர்களுக்குக் கீழே மூன்று தோழிகள், ஐந்து வாத்தியக்காரர்கள், மந்திரி. அந்தத் திருவிழாவுக்கு ஹினமத்சுரி என்று பெயர்.

"மறுநாளே என் மனைவி எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துவிடுவாள்" என்றார். "வைக்காமல் விட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தாமதமாகும் என்பார்கள்."

என் கையில் சப்பாத்தி நின்றது.

"எவ்வளவு தாமதம்?"

"அளவு சொல்லப்படவில்லை. என் அக்காவின் பொம்மைகள் ஏப்ரல் வரை வெளியே இருந்தன. அவளுக்கு முப்பத்தொன்பதில் கல்யாணம் நடந்தது."

ஏப்ரலுக்கே முப்பத்தொன்பது. தீபாவளி வரை வைத்தால்? தரப் பரிசோதனைக்காரன் மனம் மீதி மத்தியானம் முழுவதும் வேறு வேலை பார்க்கவில்லை.

வீட்டில் பாதி விஷயத்தைத்தான் சொன்னேன். பொம்மை வைப்பதைச் சொன்னேன். எடுப்பதைச் சொல்லவில்லை.

ரோஹிணி கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கறி ஆர்டர் செய்கிறாள் என்று நினைத்தேன்.

"பேஷா கொண்டாடலாம்" என்றாள். "எத்தனை படி?"

"ஏழு."

"நம்ம கொலுப்படி ஒன்பது இருக்கு. ரெண்டைக் கழட்டிடலாம்."

இருபத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையிலேயே சரி என்றதில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. அம்ருதாவிடம் சொன்னபோது அவள் என்னையே பார்த்தாள்.

"அப்பா, நான் குழந்தையா?"

"எனக்குக் குழந்தைதான்."

"மூணாம் தேதி சண்டேப்பா. ஓகே, நான் ஃப்ரீதான்" என்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

ராஜாவும் ராணியும் ஜப்பானிலிருந்து வரவில்லை. எங்கள் மரப்பாச்சி ஜோடிதான். ரோஹிணியின் கல்யாணத்தில் அவள் அப்பா கொடுத்தது. வருஷா வருஷம் நவராத்திரிக்குப் பட்டும் ஜரிகையும் கட்டிக்கொண்டு நின்ற அந்த இரண்டு பேருக்கும், கம்பெனி காலண்டரைப் பார்த்து அம்ருதா ரவிக்கைத் துணியில் கிமோனோ தைத்தாள். ராஜா கொஞ்சம் மூச்சு முட்டுவதுபோல இருந்தார். மூன்று தோழிகளுக்குப் பதில் முப்பெரும் தேவியர். ஐந்து வாத்தியக்காரர்களுக்கு எங்களிடம் கல்யாண பேண்டு செட் இருந்தது. மந்திரி இடத்தில் செட்டியார், தன் மளிகைக் கடையோடு. படையலாக வைக்கும் மோச்சி என்ற மூன்று நிற அரிசிப் பலகாரத்துக்கு மூன்று நிறத் தேங்காய் பர்பி.

"விழான்னா நாலு பேர் வரணும்" என்றாள் ரோஹிணி. "கட்கியில என்னோட பஜனைக்கு வர பட்டு மாமியைக் கூப்பிடலாமா? மாமாவும் மாமியும், ஒரே பிள்ளை. பிள்ளை ஜப்பானீஸ் படிச்சவன். அதுல மொழிபெயர்ப்பு வேலையாம்."

எனக்கு உற்சாகம் பிறந்தது. வந்தவர்களுக்கு விழாவை விளக்க ஒரு ஆள்.

"அந்தப் பையன் கண்டிப்பா வரணும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி. நீங்களே அழைப்பு எழுதிக் குடுங்கோ, அனுப்பறேன்."

எழுதினேன். 'எங்கள் அருமை மகள் அம்ருதாவின் நல்வாழ்வை முன்னிட்டு, தாங்கள் தங்கள் குமாரர் சகிதம் எங்கள் இல்லத்துக்கு வருகை தந்து ஆசீர்வதிக்க வேண்டுகிறேன்.' பார்க்க அழகாகவே இருந்தது.

இனி என் முக்கிய ஏற்பாடு. எங்கள் கொலுப்பொம்மைகள் சமையலறைப் பரணில் இருப்பவை. பரணுக்கு ஏற ஒரே ஒரு ஏணி. பொம்மைகளை இறக்கியதும், சனிக்கிழமை மத்தியானம் ரோஹிணி தூங்கும்போது, அந்த ஏணியை எதிர் வீட்டு ஆரோக்கியசாமியிடம் கொண்டுபோனேன்.

"சார், இது எத்தனை நாளைக்கு?" என்றார்.

"தீபாவளி வரைக்கும்."

"வீட்டுக்காரம்மா கேட்டா?"

"நீங்க ட்யூப்லைட் மாத்தறீங்க."

"எட்டு மாசமாவா?"

நல்ல மனிதர். வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். போதாததற்கு, திங்கட்கிழமை காலை எனக்கு முதுகு பிடித்துக்கொள்வதாகவும் இருந்தது.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பட்டு மாமியின் கணவர் ராம்பிரசாத், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளே வந்ததும் படிகளைப் பார்த்து, "ஏக்தம் மஸ்த்" என்று மராத்தியில் மெச்சினார். பட்டு மாமி ஒரு தட்டில் பழம், பூ, வெற்றிலை கொண்டுவந்திருந்தாள். கொலு பார்க்க வருகிறவர்களுக்கு நாம்தானே கொடுக்க வேண்டியது, இவர்கள் எதற்குக் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு விநாடி யோசித்தேன். பழக்கம் தெரியாதவர்கள் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளை ஸ்ரீவத்சன் வாசல் நிலையில் குனிந்து நுழைந்தான். நல்ல உயரம்.

அம்ருதா மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் காபியோடு வந்தாள்.

"ஜப்பான் விழாவுக்குப் பட்டுப் புடவையா?" என்று ரோஹிணியின் காதில் கேட்டேன்.

"பின்ன, பொம்மையோட கிமோனோவையா கட்டிவிடறது?"

ஸ்ரீவத்சன் எல்லாப் படியையும் விளக்கினான். செட்டியாரைக்கூட மரியாதை குறையாமல் மந்திரி என்றே சொன்னான். நான் பேசினால் குறுக்கே பேசவில்லை. என் பழைய கன்வேயர் பெல்ட் நகைச்சுவைக்குச் சிரித்தான். அம்ருதாவைத் தவிர அதற்குச் சிரித்த முதல் மனிதன். ஒரு பர்பிக்கு மேல் எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

"ஏன்னா, ஸ்ரீவத்சன் எப்படி?" என்றாள் ரோஹிணி, எல்லோர் முன்னாலும்.

"தங்கமான பையன்" என்றேன். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையைப் பாக்க முடியாது. காதுகூட அளவாத்தான் இருக்கு."

பட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராம்பிரசாத் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு மேல என்ன வேணும்? உங்க லெட்டரைப் பாத்தப்பவே நான் இவகிட்ட சொன்னேன். பொண்ணோட அப்பாவே தன் கையால எழுதிக் கூப்பிடறார், மாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு."

"எதுக்குக் கூப்பிட்டேன்?" என்றேன்.

அம்ருதா தரையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கேள்வியை அங்கேயே விட்டுவிட்டேன்.

"ஜூன்ல நகோயாவுக்கு அனுப்பறா இவனை" என்றார் ராம்பிரசாத். "மூணு வருஷம். அதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சுட்டா ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்."

நகோயா. ஜப்பானைக் கூட்டிவந்து அவளை இங்கே நிறுத்தி வைக்கப் பார்த்தேன். அது அவளையே கூட்டிக்கொண்டு கிளம்புகிறது.

இருந்தாலும் என்னிடம் இன்னும் பொம்மைகள் இருந்தன. ஏணி இருந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"மாமா" என்றான் ஸ்ரீவத்சன் பணிவாக. "இதையெல்லாம் நாளைக்குள்ள எடுத்து வெச்சுடணும். இல்லேன்னா பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும்னு ஒரு நம்பிக்கை."

"அப்படியா?" என்றாள் ரோஹிணி. "இவர் சொல்லவே இல்லையே."

"நாளைக்கு எனக்கு முதுகுவலி" என்றேன்.

"அப்போ இப்பவே எடுத்துடலாம்."

"ஏணியைக் காணோமே" என்றேன்.

"ஏணி எதுக்கு மாமா?" என்றான் அவன்.

பேண்டு செட்டையும் தேவியரையும் அம்ருதா ஒவ்வொன்றாகப் பழைய மராத்திப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். அவன் வெறும் தரையில் நின்று, கையை நீட்டி, ஒவ்வொன்றாகப் பரணில் வைத்தான். இருபது நிமிஷம் ஆகவில்லை. எட்டு மாசத்துக்கு நான் போட்ட திட்டம் அது. நான் சோபாவில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பச்சை பர்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனபிறகு ரோஹிணி மரப்பாச்சி ஜோடியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த இரண்டை மட்டும் பரணுக்கு அனுப்பவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"நீங்க சொன்ன அன்னிக்கே போன்ல பாத்துட்டேன். முதல் வரியிலேயே போட்டிருக்கான்."

"பையன்?"

"ரெண்டு பேரும் டிசம்பர்லேர்ந்து பேசிண்டிருக்கா. மத்த ஜாதகமெல்லாம் உங்களுக்குக் காட்டத்தான். நேரா சொன்னா அவனுக்கும் ஏதாவது பெரிசா இருக்குன்னு சொல்லியிருப்பேள்."

அவள் ராணியின் கிமோனோவை மெதுவாகக் கழற்றினாள்.

"இதைக் குடுத்துட்டு எங்கப்பா ரெண்டு நாள் யாரோடயும் பேசலை. தெரியுமோ?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா நீங்க வேண்டாம்னு திரும்பிப் போயிருப்பேளா?"

போயிருக்க மாட்டேன். ரோஹிணி இரண்டு மரப்பாச்சிகளையும் பருத்தித் துணியில் சுற்றி அம்ருதாவின் பெட்டியில் வைத்தாள். பிறகு கொஞ்ச நேரம் மூடியின்மேல் கையை வைத்தபடியே நின்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஜலதோஷம் என்றாள்.

திங்கட்கிழமை முதுகு பிடிக்கவில்லை. பிடித்து இனி என்ன பயன்? மாலை ஆறு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். வண்டிப் பக்கத்தில் அம்ருதா நின்றுகொண்டிருந்தாள். வடாபாவை வாங்கிக்கொண்டேன். பச்சை மிளகாய் வழக்கம்போல ஓரத்தில் இருந்தது.

"இதாவது நமக்கு ஜூன் வரைக்கும் இருக்கு" என்றேன். "உங்கம்மாவுக்குத் தெரியாத ஒரே விஷயம்."

அம்ருதா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அப்பா, கோவிச்சுக்காதே. அம்மாக்கு ஃபர்ஸ்ட் நாளே தெரியும். நீ ரெண்டு சாப்பிடாம பாத்துக்கச் சொல்லி அம்மாதான் என்னை இங்க நிக்க வெச்சா."

வண்டிக்காரர் எங்களைப் பார்க்காமல் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும்போலிருக்கிறது.

"அப்போ ஜூனுக்கு அப்புறம்?" என்றேன்.

"அம்மாவே தினம் வந்து நிக்கறாளாம்" என்றாள் அம்ருதா. "வடை அம்மாக்கு, பாவ் உனக்கு."