தொலைச்சதா, குடுத்ததா?

செஸ் ஆடத் தெரிந்தவன் ஆடுவான். அரைகுறையாகத் தெரிந்தவன் பக்கத்தில் நின்று யோசனை சொல்வான். ரெண்டுக்கும் லாயக்கில்லாதவனை நடுவராகக் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

திருமங்கலம் தாண்டி ஒரு கல்லூரியில் விழா. மாணவர்கள் தாங்களே எழுதிய செஸ் புரோகிராம்களை ஒன்றோடு ஒன்று மோதவிட்டிருந்தார்கள். ஜெயித்ததற்கு ஒரு கப். அதற்கு நடுவர் தேவையில்லை. இன்னொரு கப் 'சிறந்த பலி'க்கு. அதாவது, லாபம் வருமா வராதா என்று உறுதியாகத் தெரியாமலே, எதிரி ராஜாவைத் தாக்கும் நம்பிக்கையில் ஒரு காயைத் துணிந்து தூக்கிக் கொடுக்கும் ஆட்டத்துக்கு. அதைக் கண்டுபிடிக்க 'ரசிக்கிற கண்' வேண்டுமாம். பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்து நான் அந்தக் கண்ணை மட்டும்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மிஷன் ஸ்கூலில் கணக்கு வாத்தியார். "இம்புட்டு நேரம் அந்தக் கட்டத்தையே பாக்குறியே, என்னத்தடா கண்ட?" என்பதுதான் எங்கள் வீட்டின் காலை ஜெபம். அன்றோடு அந்த ஜெபத்துக்கு ஆமென் போட்டுவிடலாம் என்று அவரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

விழாவை நடத்திய சார் ஒரு கட்டுக் காகிதம் தந்தார். "தம்பி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். நம்ம கை ஓங்கியிருக்கா இல்லையான்னு புரோகிராம் போடுற கணக்கு. பாத்துக்கங்க."

"நம்பர் எதுக்கு சார், நமக்குக் கண்ணு இருக்குல்ல?"

லேபில் ஏசி வேலை செய்யவில்லை. காகிதத்தை மடித்து விசிறிக்கொண்டே ஆட்டங்களைத் திரையில் பார்த்தேன். (நல்ல காத்து. அதுல குறையே சொல்ல முடியாது.)

கடைசியில் ரெண்டு ஆட்டங்கள் மிஞ்சின. ஒன்று, டி. கல்லுப்பட்டிப் பையன் பாண்டியினுடையது. அவன் புரோகிராம் ஒரு குதிரையைக் கொடுத்து ராஜாவைத் துரத்திக்கொண்டு ஓடி, மூச்சு வாங்கி, தோற்றது. 'கவனக்குறைவு' என்று எழுதினேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, அது தெரிஞ்சுதான் குடுத்துச்சு."

"மாப்ள, தோத்தவன் எல்லாருமே அப்படித்தான் சொல்லுவான்."

இன்னொன்று நிலோஃபருடையது. அவள் புரோகிராம் ஆட்டத்தின் நடுவே ராணியையே கொண்டுபோய் ஒரு சிப்பாய் வாயில் வைத்தது. எதிரி தின்றது. அப்புறம் செக், மறுபடி செக். எதிரி யோசித்தது, யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது. கடிகாரத்தில் நேரம் தீர்ந்து தோற்றுப்போனது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு மெஷினையே மலைக்கவைத்த பலி!

மேடை ஏறும்போது நிலோஃபர் ஓடிவந்தாள். "அண்ணே, ஒண்ணு சொல்லணும்..."

"நன்றியெல்லாம் மைக்ல சொல்லிக்கலாம்மா."

பொன்னாடை போட்டார்கள். போட்டால் பேசாமல் இருக்க முடியுமா?

"பலின்னா ஒரே கேள்விதாங்க. தொலைச்சதா, குடுத்ததா? நாம ராணியச் சொத்துன்னு நெனைக்கிறோம். நிலோஃபரோட புரோகிராம் ஒரு ஞானி. அதுக்கு ராணி பாரம். பாரத்த எறக்கி வச்சுட்டு நடந்து போயிருச்சு!"

கைதட்டல். அப்பாவும் தட்டினார். (ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட அந்தக் கை அசையவில்லை.)

நிலோஃபர் மைக்கை வாங்கினாள். "அண்ணே சொன்னது அம்புட்டும் சரி. என் புரோகிராமுக்கு ராணி பாரம்தான். காலைல அவசரத்துல ராணியோட மதிப்புக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டுட்டேன். எப்படா தள்ளிவிடலாம்னு அது முதல்லருந்தே காத்துக்கிட்டு இருந்துருக்கு. எதிரி புரோகிராம்ல, செக் வந்தா இன்னும் ஆழமா யோசின்னு எழுதிருக்காங்க, எங்க நிப்பாட்டணும்னு எழுதல. அதான் ஜெயிச்சேன். தெரிஞ்சே கப்பு வாங்குனா ஹராம்ணே."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஞானி வாழ்க!"

கூரை இடிந்து விழாதா என்று பார்த்தேன். விழவில்லை. வேறு வழியில்லாமல் விசிறியைப் பிரித்தேன். அன்றைக்கு முதல்முறையாக நம்பரைப் பார்த்தேன். ராணி போன நொடியில் நிலோஃபரின் நம்பர் துள்ளிக் குதித்து மேலே போயிருந்தது. நிஜமாகவே சனியன் தொலைந்த சந்தோஷம். பாண்டியின் காகிதத்திலோ, குதிரை போன பிறகும் 'கொஞ்சம் என் கைதான் மேல்' என்று இருந்தது. பறிகொடுத்த புரோகிராம் அப்படி எழுதாது. காய் குறைந்ததையும் தாக்குதலையும் எடைபோட்டுப் பார்த்து, நம்பித்தான் கொடுத்திருக்கிறது. தோற்றது அப்புறம் நடந்த கதை.

மைக்கில் பாண்டியைக் கூப்பிட்டேன். கப்பைக் கொடுத்தேன். வெட்கத்தில் பொன்னாடையையும் கழற்றி அவனுக்கே போட்டேன். அவன் மைக்கில் ஒரே வரிதான் சொன்னான்: "தோத்தவன் எல்லாருமே அப்படித்தான் சொல்லுவான்ணே."

திரும்பும்போது அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். கப்பலூர் தாண்டியதும் பைக் லேசாக ஆடியது. அழுகிறாரோ என்று ஓரங்கட்டினேன். மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா மைனஸ் தப்பாப் போட்ட பயலுக்கு அரை மார்க் கொறைக்கிறேன்டா. நீ கப்பே குடுத்துருக்க!"

காலை ஜெபம் அன்றோடு நின்றது. 'என்னத்தக் கண்ட' என்பதற்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே. இப்போது எனக்கு ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. நிலோஃபர் அந்த மைனஸைத் திருத்திவிட்டு, பக்கத்தில் 'ஞானி அண்ணே நினைவாக' என்று குறிப்பு எழுதிவைத்திருக்கிறாளாம். எங்கள் வீட்டிலோ எது காணாமல் போனாலும் ஒரே விசாரணைதான்.

போன வாரம் அப்பா புதுக் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்தார். "தொலைச்சதா, குடுத்ததா?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"பாரமா இருந்துச்சு. எறக்கி வச்சுட்டு நடந்து வந்துட்டேன்."